அண்ணன் கொடுத்த வண்டியின் அடிப்பாகம்

வண்டித் தகுதிச் சோதனை அதிகாரி குனிந்து, கார்க் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரத்தை ஸ்க்ரூடிரைவரின் முனையால் ஒரு தட்டுத் தட்டினார். டங் என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் கூடவே ஒரு கை நிறையத் துரு கொட்டியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், நான்தான் அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்பதுபோல.

"அடியெல்லாம் போயிருக்கு மேடம். என்னைக்காவது ஒரு நாள் நீங்க சீட்டோட ரோட்டுல இறங்கிடுவீங்க. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணி எடுத்துட்டு வாங்க. இல்லைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

பழைய வண்டிதான், இல்லையென்று யார் சொன்னது. என் அண்ணன் ஓட்டிய வண்டி. அவனும் இன்னொருவரிடம் பழையதாக வாங்கியதுதான். ஆனால் அவன் அதை வைத்திருந்த அழகே தனி. நான் கார் ஓட்டப் பழகியது இதில்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கை பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல், வாயால் ஒரு வார்த்தை திட்டாமல், முகம் மட்டும் வெளிறிப்போய்ச் சொல்லிக்கொடுத்தான். நான் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலையை ஆரம்பித்தபோது, வேறு வண்டி வாங்கிக்கொண்டு இதை எனக்கே கொடுத்துவிட்டான். சாவியைக் கையில் வைக்கும்போது, "பழைய வண்டிதாம்மா. ஆனா பொய் சொல்லாத வண்டி" என்றான்.

அந்த வார்த்தை இப்போது காதில் வந்து குடைந்தது. வண்டி போனால் போகிறது, வேலைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகலாம். அடியில் இப்படி இற்றுப்போயிருப்பது தெரிந்தேதான் அண்ணன் என் தலையில் கட்டினானா? எனக்கு வேண்டியது அதற்குப் பதில்தான்.

வீட்டில் அந்தப் பதில் முன்பே தயாராக இருந்தது. வாசலில் நின்றிருந்த மாமா, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பா, என் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"ஃபெயிலா? எனக்குத் தெரியும்."

மாமாவுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். நடப்பதற்கு முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. பாத்திருக்கணும்" என்றார். "நான் உங்க அண்ணனைக் குத்தம் சொல்லலம்மா. நல்ல மனுசன். ஆனா ஓட்டை வண்டின்னு தெரிஞ்சேதான் கொடுத்திருக்காரு. அதை மட்டும் சொல்றேன்."

குற்றம் சொல்லாமலே இவ்வளவு. சொல்லியிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ தெரியாது.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாய்களில் கசிவு அடைக்கிற பிரிவில் முழு உத்தியோகத்தையும் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. இரண்டு உருண்டைகளைப் பிசைந்து அப்பினால் கல்லாக இறுகுமே, அந்தப் பசை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பூட்டாத கதவின் சாவித் துவாரத்தை அடைத்தார். ஜன்னல் சட்டத்தில் மழைத் தண்ணீர் வெளியே வடிய வைத்திருந்த துளையை அடைத்தார், தண்ணீர் முழுவதும் கட்டிலுக்கு வந்தது. என் பூந்தொட்டிகளின் அடியில் இருந்த ஓட்டைகளையும் விட்டு வைக்கவில்லை. "ஊத்துற தண்ணியெல்லாம் வீணாப் போகுதேம்மா" என்றார். செடிகள் வரிசையாக அழுகின. அதற்கு மாமா சொன்ன காரணம், மண் சரியில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. நானும் புதுத் தொட்டி வாங்கிவந்து மாடியில் ஒளித்து வைத்தேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"அப்பா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. அதே சமயம் உங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை."

"ரெண்டுல எது?"

"ரெண்டுமேதான்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே சத்தம்தான் கொடுக்கும்.

டிங்கர் பட்டறை வைத்திருந்தவருக்கு நான் வைத்த பெயர் 'நாளைக்கு'. வண்டியைக் கொண்டுபோய் விட்ட அன்று நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் போனால் வெல்டிங் ஆள் வரவில்லை, நாளைக்கு. அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை, நாளைக்கு. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நானோ இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து, நடக்க முடியாதவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் காலையில் பட்டறைக்குப் போய், அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். வேறு நாற்காலி அங்கே இல்லை. அவர் நின்று நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் அட்டையைப் போட்டுப் படுத்தார்.

உள்ளேயிருந்து 'ப்ச்' என்று ஒரு சத்தம் வந்தது.

"மேடம், இங்க குனிஞ்சு பாருங்க."

புடவையை இடுக்கிக்கொண்டு குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அடிப்பாகம் முழுக்கக் கருப்புப் பூச்சு தெரிந்தது. அதை அவர் உளியால் சுரண்டினார். உள்ளே தகரம் அடுக்கடுக்காக உரிந்து வந்தது. ஒரு இடத்தில் கருப்புக்கு அடியில் வட்டமாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது.

"ஓட்டையை அடைச்சு, மேல கருப்பு அடிச்சு மூடியிருக்காங்க. விக்கிறவங்க பண்ற வேலைதான் இது. தினமும் பாக்கறோமே. யார்கிட்ட வாங்கினீங்க?"

"வாங்கலை. எங்க அண்ணன் கொடுத்தது."

அவர் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "அப்போ அண்ணன் கெட்டிக்காரர்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

பக்கத்தில் ஒரு சுத்தியல் கிடந்தது. அதை நான் எடுக்காமல் விட்டதற்குக் காரணம் என் வளர்ப்பு மட்டும்தான்.

பட்டறை வாசலில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டேன். நலம் விசாரிக்கவில்லை.

"அண்ணா, வண்டிக்கு அடியில ஓட்டையை அடைச்சு, மேல கருப்பு பூசியிருக்கு. உனக்குத் தெரியுமா?"



"தெரியும்மா" என்றான்.

எப்போதிலிருந்து தெரியும் என்று அடுத்து கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோபம் தலைக்கேறியவளுக்கு எங்கே கேள்வி கேட்க வரும், திட்டத்தான் வரும்.  இல்லை என்பான், யாரோ செய்திருப்பார்கள் என்பான், இரண்டு வார்த்தை என்னோடு சண்டை போடுவான் என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான். செலவு என்ன ஆகுதோ நான் பாத்துக்கறேன்."

"உன் செலவு யாருக்கு வேணும்? பொய் சொல்லாத வண்டின்னு கொடுத்தியே. வண்டி பொய் சொல்லலை, நீதான் சொன்ன. அந்த வீட்டுல நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிப்பேன்? ஊரான் ஏமாத்தினா துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன். கூடப்பிறந்தவன் பண்ற வேலையா இது?"

"சரிம்மா. கோபப்படாத."

"இனிமே என் வீட்டுப் பக்கம் வராத."

"சரிம்மா" என்றான்.

அதற்கும் சரி. அந்தச் 'சரி'தான் என்னை அதிகம் எரித்தது. மடியில் கனமில்லாதவன் எதற்கு இப்படித் தலையைக் குனிய வேண்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாராவது தவறிவிட்டார்களா என்று மெதுவாக விசாரித்தாள்.

வீட்டில், அண்ணனுக்குத் தெரியுமாம் என்று மட்டும் சொன்னேன். மாமா வெற்றிக் களிப்பில் குதித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். அவரோ அன்றைக்கென்று பரிவாக இருந்தார். "விடும்மா. மனுசன்னா அப்படித்தான். நாம பெருந்தன்மையா மறந்துடுவோம்" என்று எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். என் அண்ணனை மாமா மன்னிக்கிறார். அந்தக் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்குக் கிளம்பியபோது மாமாவும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானும் வர்றேன். பொம்பளை தனியாப் போனா டிங்கர்காரன் தலையில மிளகாய் அரைச்சிடுவான்."

வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வழி நெடுக, பஸ் கூரையில் ஒழுகின இடத்தை அண்ணாந்து பார்த்தபடியே வந்தார். நல்லவேளை, எட்டாத உயரம்.

அதிசயமாக 'நாளைக்கு' அன்று இன்றைக்கே வேலை செய்துகொண்டிருந்தார். தகரத்தை வெட்டுவதற்கு முன்னால், அந்த வட்டமான அடைப்பின்மேல் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். அது அசையவில்லை. மறுபடி அடித்தார்.

"ஏம்ப்பா, அதை ஏன் பேக்குற?" மாமாவுக்குப் பதறிவிட்டது. "இறுகிப் போயிருக்கில்ல. அது நான் வச்ச அடைப்பு. இந்த வண்டியே போனாலும் அது போகாது."

சுத்தியல் சத்தம் நின்றது. எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாகிவிட்டது.

"என்ன சொன்னீங்க மாமா?"

"நான் வச்சதும்மா. வண்டி வந்த புதுசுல கழுவிக்கிட்டிருந்தேன். பாத்தா, அடியில வரிசையா ஓட்டை. எல்லாத்துலயும் சொட்டுச் சொட்டா தண்ணி. உங்க அண்ணன் ஓட்டை வண்டியைத்தான் கொடுத்திருக்காருன்னு நானே எல்லாத்தையும் அடைச்சு, மேல கருப்பும் அடிச்சேன். உன்கிட்ட சொல்லலை. செஞ்சதைச் சொல்லிக்காட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது."

அதற்குள் உளி உள்ளே இறங்கிவிட்டது. அடைப்பு முழுசாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் வந்தது. சொட்டு அல்ல, குழாயைத் திறந்த மாதிரி, காவி நிறத்தில், நாற்றத்தோடு வந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். போன மழையும் அதற்கு முந்தைய மழையும் அந்தத் தகரத்துக்குள் குடியிருந்து இப்போதுதான் காலி செய்கிற மாதிரி அது வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் மாமாவின் செருப்பு வரைக்கும் ஓடிவந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

"ஐயா, இது வண்டி செஞ்சவனே வச்ச ஓட்டை" என்றார் 'நாளைக்கு'. "மழை பெஞ்சா கதவு வழியா தண்ணி இறங்கும். அது வெளிய போகணுமில்ல? அதுக்குத்தான். நீங்க அடைச்சிட்டீங்க, உள்ளேயே ஊறித் தின்னுடுச்சு. நான் நேத்தே நினைச்சேன்."

நேற்று இவர் நினைத்தது என்ன என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"தண்ணி சொட்டிச்சேப்பா" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

"சொட்டத்தான் வச்சிருக்கான்."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் விழுங்கி வைத்ததெல்லாம் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வந்துவிட்டது.

"மாமா, ஓட்டைன்னு கண்ணுல பட்டா அடைச்சே தீரணுமா? என் தொட்டியை அடைச்சீங்க, செடி செத்துச்சு. ஜன்னலை அடைச்சீங்க, மெத்தை நனைஞ்சுது. அதெல்லாம் போகட்டும். நேத்து இந்த வாசல்ல நின்னு எங்க அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசினேன். என் வீட்டுப் பக்கம் வராதன்னு சொன்னேன். அவன் என்ன தப்பு பண்ணினான்?"

மாமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குழம்பிப்போய் நின்றார்.

"அதெப்படிம்மா? உங்க அண்ணன்கிட்ட நான் காட்டினேனே. போன தடவை வந்தப்போ, டார்ச் அடிச்சு ஒவ்வொரு அடைப்பா காட்டினேன். நல்லா பண்ணியிருக்கீங்க மாமான்னாரு. தப்புன்னா அவரு சொல்லியிருக்க மாட்டாரா?"

எனக்குச் சுரீரென்றது. தெரியும்மா என்றானே. இதைத்தான் தெரியும் என்றான்.

மறுபடி போன் போட்டேன். நேற்று அவ்வளவு திட்டியும் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அந்த ஓட்டை எதுக்கு இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "தெரியும்மா" என்றான்.

"மாமா அடைச்சதைப் பாத்த. பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்ன. ஏன்?"

"எவ்வளவு ஆசையா காட்டினாரு தெரியுமா? வயசான மனுசன், முட்டி போட்டு, டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு... அவர் வாசல்ல நின்னுக்கிட்டு அவரைத் தப்புன்னு எப்படிச் சொல்றது? நான் சொல்லிட்டு என் பாட்டுக்குக் கிளம்பிடுவேன். நீதானே அந்த வீட்டுல இருக்கணும்."

"நான் இருக்கேன். வண்டி இல்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது பொழைச்சிருக்கும்."

"அடுத்த தடவை வர்றப்போ யாருக்கும் தெரியாம நானே எடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மழை முந்திக்கிச்சு."

"நேத்து நான் அவ்வளவு கேட்டேனே. அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா போனை வச்ச கையோட நேரா அவர்கிட்ட போய் நிப்ப. உன்னைப் பத்தித் தெரியாதா? என்னைத் திட்டினா ரெண்டு நாள்ல சரியாயிடுவ. அங்க அப்படி இல்லையே."

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவனிடம் சொன்னேன். நீ வாயில்லாத பூச்சி இல்லை, வாயிருந்தும் திறக்காத ஜன்மம் என்றும் சொன்னேன். திட்டத் திட்ட எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் என்னை ஏமாற்றவில்லை. அந்த ஒரு வரி போதும், வண்டி இரும்புக் கடைக்கே போகட்டும் என்று இருந்தது. கூடவே, ஏமாற்றாமலே இந்தப் பாடு படுத்துகிறவனை என்ன செய்வது என்று எரிச்சலும் தாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றேன்.

"வரலாமா?"

"வாயைத் திறந்து பேசுறதா இருந்தா வா."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது மாமாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், வண்டிக்கு மறுபக்கம் அட்டையின்மேல் மல்லாந்து படுத்திருந்தார். 'நாளைக்கு'வின் கையிலிருந்து உளியைப் பிடுங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்து அடைப்புகளை அவரே பெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் வைத்த அடைப்பு அவர் கைக்கே வர மறுத்தது. ஒவ்வொன்றும் பெயரும்போது காவித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. 'நாளைக்கு' நிம்மதியாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் அவ்வளவு மோசமில்லைம்மா. புதுத் தகரம் வச்சு வெல்டிங் பண்ணா நிக்கும்" என்று மாமாவின் குரல் மட்டும் அடியிலிருந்து வந்தது. பிறகு மெதுவாக வெளியே நகர்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம், தலைமுடி, சட்டை எல்லாம் துரு.

"யாரு போன்ல? உங்க அண்ணனா? கொடு."

கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கொடுத்தேன். மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.  மறுபடி கனைத்தார். இந்த மனிதர் யாரிடமும் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரும் பார்த்திருக்க மாட்டார்.

"தம்பி, நான்தான் பேசறேன்" என்றார். "ஓட்டையெல்லாம் திறந்துட்டேன். நான் அடைச்சிருக்கக் கூடாது. அது என் தப்பு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா நீங்க ஒண்ணு பண்ணணும். இனிமே நான் தப்பு பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என்ன?"

அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டார். அவர் முகம் மெல்ல மெல்ல, பல வருஷமாக என் முகம் இருப்பதுபோல ஆனது. போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன சொன்னான் மாமா?"

"சரிங்க மாமா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கிறாரு" என்றார் மாமா. "இந்த ஆளை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?"

போனைக் காதில் வைத்தேன். அண்ணன் இன்னும் லைனில்தான் இருந்தான்.

"என்னம்மா," என்றான் மெதுவாக, "மாமா கோச்சுக்கிட்டாரா?"